ஊர்வலமும் உடைவிதியும்

தன்பாலீர்ப்பாளர்களுக்கும் திருநங்கையர், திருநம்பியருக்கும் சம உரிமை வேண்டும் என்பதை நம்முடைய சிறிய எழுத்து வட்டத்தில் இன்று பகிரங்கமாக மறுக்கிறவர்கள் அதிகம் இல்லை. மறுக்க வெட்கப்படுகிறார்கள் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒப்புதலின் வாலில் ஓர் 'ஆனால்' எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கிறது. உரிமை சரி, ஊர்வலம் எதற்கு? முகத்தில் சாயமும் தலையில் இறகுமாக நடுத்தெருவில் ஆடிவந்தால் யாருடைய மனம் மாறப்போகிறது? நாலு சுவருக்குள் இருக்க வேண்டியதை வீதிக்குக் கொண்டுவருவானேன்? இப்படிக் கேட்கிறவர்கள் பிற்போக்காளர்கள் இல்லை. மௌனியை வரி வரியாகப் படித்தவர்கள், நெருக்கடி நிலையின்போது கூட்டம் போட்டுப் பேசியவர்கள், சாதி பற்றிச் சரியான கட்சியில் நிற்பவர்கள்.

இந்தக் கேள்வியை நான் கேலி செய்யப்போவதில்லை. இதற்கு ஒரு வரலாறு உண்டு. இதை முதன்முதலில் தீவிரமாகக் கேட்டவர்கள் அந்த இயக்கத்தின் எதிரிகள் அல்லர். அதைக் கல் கல்லாக எடுத்துக் கட்டியவர்கள். அந்தக் கதை தெரியாமலே நாம் இந்தச் சர்ச்சையை ஏதோ இன்று காலை நம் வாசலில் வந்து விழுந்ததுபோல நடத்திக்கொண்டிருக்கிறோம்.

1965 ஜூலை 4. அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய ஃபிலடெல்ஃபியா சுதந்திர மண்டபத்தின் முன்னால் சுமார் 40 பேர் வட்டமாக நடந்தார்கள். ஆண்கள் கோட்டும் டையும். பெண்கள் பாவாடை அல்லது கவுன், கால்சட்டை கூடாது. பேச்சு இல்லை, கோஷம் இல்லை. ஒருவர் பின் ஒருவராக, கையில் அட்டை பிடித்து நடப்பது மட்டும். ஒன்றரைக் கோடித் தன்பாலீர்ப்பாளர்கள் சமத்துவமும் வாய்ப்பும் கண்ணியமும் கேட்கிறார்கள் என்றது ஓர் அட்டை. 'கேட்கிறார்கள்' என்ற வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். விடுமுறை நாளுக்குக் குழந்தைகளோடு வந்திருந்த குடும்பங்கள் நின்று பார்த்தன. 'ஆண்டு நினைவூட்டல்' என்று இதற்குப் பெயர். 1965 முதல் 1969 வரை ஐந்து ஆண்டுகள், ஒவ்வொரு ஜூலை 4 அன்றும் நடந்தது. எந்த ஆண்டிலும் 200 பேரை எட்டியதில்லை.

இந்த உடைவிதிக்குப் பின்னால் இருந்த மனிதர் ஃபிராங்க் கேமனி. இவரைக் கோழை என்றோ சமரசவாதி என்றோ எழுதுவது பின்னால் வந்தவர்களுக்கு எளிதாகிவிட்டது. கேமனி இரண்டாம் உலகப்போரில் சண்டை போட்டவர். ஹார்வர்டில் வானியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். அமெரிக்க ராணுவத்தின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தவர். 1953-இல் ஐசன்ஹோவர் பிறப்பித்த 10450-ஆம் எண் ஆணை, 'பாலியல் பிறழ்வு' உள்ளவர்களை மத்திய அரசு வேலைக்கு லாயக்கற்றவர்கள் என்று ஆக்கியிருந்தது. 1957-இல் கேமனியை வெளியே தள்ளினார்கள். அந்தக் காலத்தில் இப்படி வேலை போன ஆயிரக்கணக்கானவர்கள் ஊரை மாற்றிக்கொண்டார்கள், சிலர் உயிரை விட்டார்கள். பெரும்பாலோர் வாயைத் திறக்கவில்லை. இவர் வழக்குப் போட்டார். வக்கீல் கைவிட்ட பிறகு உச்சநீதிமன்றத்துக்கான மனுவைத் தானே எழுதினார். 1961-இல் நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளவே மறுத்தது. நட்சத்திரங்களைப் படித்தவர் அதற்குப் பிறகு நிலையான ஒரு வேலையைப் பார்க்கவே இல்லை. 1965 ஏப்ரலில் வெள்ளை மாளிகையின் முன்னால் பத்துப் பேரோடு மறியல் செய்தவரும் இவர்தான். அன்று அப்படி நிற்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை இன்று சமூக ஊடகத்தில் வானவில் ஒட்டிக்கொள்கிறவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

அவருடைய தர்க்கம் நேரானது. நாம் கேட்பது வேலை. ஆகவே வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தகுந்தவர்களாகக் காட்சியளிக்க வேண்டும். பார்க்கிறவனுக்கு உடையில் குற்றம் கண்டுபிடிக்க இடம் கொடுக்காவிட்டால் அவன் அட்டையைப் படிப்பான். வங்கிக் கவுண்டரில் உட்கார்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்தத் தர்க்கம் நன்றாகவே விளங்குகிறது. இஸ்திரி போடாத சட்டையோடு உட்கார்ந்திருக்கும் நாளில், வாடிக்கையாளர் நான் கொடுத்த நோட்டுக்கட்டை இன்னொரு தரம் எண்ணிப் பார்க்கிறார். இஸ்திரி எண்ணிக்கையைப் பாதிப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

கேமனியின் வழி தோற்றதும் இல்லை. 1969 ஜூலை 1 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் நார்ட்டன் வழக்கில், தன்பாலீர்ப்பு என்பதை மட்டும் காட்டி ஓர் அரசு ஊழியரை நீக்க முடியாது, அது அவருடைய வேலையைப் பாதித்தது என்று காட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 1975-இல் அமெரிக்க அரசுப் பணி ஆணையம் தன் தடையையே விலக்கிக்கொண்டது. கோட்டும் டையும் போட்ட பொறுமையான மனு அரசியலுக்குக் கிடைத்த கூலி இது. குறைத்து மதிப்பிட நான் தயாரில்லை.

ஆனால் நார்ட்டன் தீர்ப்பு வந்த வாரம் எது என்று பாருங்கள். அதற்கு மூன்று நாள் முந்தி, ஜூன் 28 விடியற்காலையில், நியூயார்க்கின் கிறிஸ்டோஃபர் தெருவில் ஸ்டோன்வால் என்ற மதுக்கடையில் போலீஸ் புகுந்தது. மாஃபியா நடத்திய, உரிமம் இல்லாத, அழுக்கான கடை. வழக்கமாகக் கலைந்து போகிற கூட்டம் அன்று கலையவில்லை. அந்த இரவுகளைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. யார் முதலில் எதை எறிந்தார்கள் என்ற புராணத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. என்னுடைய அக்கறை ஆறு நாள் கழித்து, ஜூலை 4 அன்று, ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஒரு சின்னச் சம்பவத்தில்.

நியூயார்க்கிலிருந்து ஒரு பஸ்ஸில் ஆட்கள் வந்திருந்தார்கள். கூட்டி வந்தவர் கிரெய்க் ராட்வெல். மெர்சர் தெருவில் 1967-இல் ஆஸ்கர் வைல்ட் பெயரில் ஒரு புத்தகக்கடை திறந்தவர். ஆண்டு நினைவூட்டல் என்ற யோசனையே முதலில் அவருடையதுதான். வழக்கம்போல வட்டம், வழக்கம்போல மௌனம். நடுவில் இரண்டு பெண்கள் கை கோத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். கேமனி பாய்ந்து வந்து, இதெல்லாம் கூடாது என்று அந்தக் கைகளைத் தட்டிப் பிரித்தார்.

ஒரு நாட்டின் சட்டம் கைகளைப் பிரிப்பதற்கும், அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பதினொரு வருடம் பட்டினியாகப் போராடிய ஒருவர் கைகளைப் பிரிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவது அதிகம் வலிக்கும். ராட்வெல் கொதித்துப் போனார். வேறு ஜோடிகளையும் கைகோத்து நடக்கச் சொன்னார், சிலர் நடந்தார்கள். வந்திருந்த பத்திரிகைக்காரர்களிடம் போய் அமைப்பாளர்களின் போக்கைக் கண்டித்துப் பேசினார். அந்த நாளோடு ஆண்டு நினைவூட்டல் முடிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அட்டையில் எழுதியிருந்த கோரிக்கை என்ன? ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்பினால் அது குற்றம் ஆகாது, சமமாக நடத்து என்பது. அந்தக் கோரிக்கையின் மிகக் குறைந்தபட்சக் கண்கூடான வடிவம் இரண்டு பேர் கை கோத்துக்கொள்வது. அட்டையில் எழுத்தாக இருக்கலாம், கையில் செய்கையாக இருக்கக்கூடாது என்றால் அங்கே கேட்கப்படுவது எதற்கான உரிமை? உங்களைப் போலவே தோன்றும் வரையில் எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிற விண்ணப்பம் அது. ஏற்றுக்கொள்கிறவனின் கௌரவ அளவுகோல் அதில் கேள்விக்கே வருவதில்லை. கேமனிக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. வேலை முதலில், கை பிறகு என்று அவர் ஒரு வரிசை வைத்திருந்தார். நம்முடைய தேசிய இயக்கத்தில் அரசியல் விடுதலை முதலில், சமூகச் சீர்திருத்தம் பிறகு என்று வரிசை வைத்தவர்களை நாம் அறிவோம். அந்தப் 'பிறகு' எப்போது வந்தது என்பதையும் அறிவோம்.

1969 நவம்பரில் கிழக்குக் கரை அமைப்புகளின் மாநாடு ஃபிலடெல்ஃபியாவில் கூடியபோது, ராட்வெல்லும் அவர் நண்பர்களும் எழுதிய தீர்மானத்தை எலன் பிராய்டி என்ற இளம்பெண் முன்மொழிந்தார். நினைவூட்டலை ஜூலை 4-இலிருந்து ஜூன் கடைசிக்கும், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து நியூயார்க்குக்கும் மாற்றுவது. மற்ற ஊர்களும் அதே நாளில் ஊர்வலம் நடத்தக் கேட்டுக்கொள்வது. இதற்கு உடைவிதியோ வயது விதியோ கிடையாது என்று தீர்மானத்திலேயே எழுதியிருந்தார்கள். இன்று உலகம் முழுக்கப் 'பிரைடு' என்று வழங்கும் ஊர்வலத்தின் பிறப்புச் சான்றிதழ் இந்தத் தீர்மானம்தான். கொண்டாட்டம், களியாட்டம் என்ற சொற்கள் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டவை.

1970 ஜூன் 28. கிரீனிச் வில்லேஜிலிருந்து ஆறாவது அவென்யூ வழியாக சென்ட்ரல் பார்க் வரை ஐம்பது தெருக்களுக்கு மேல் நடை. புறப்பட்டபோது சில நூறு பேர். அடி விழும், கல் விழும் என்ற பயத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். நடைபாதையில் நின்று தயங்கியவர்கள் ஒவ்வொருவராக இறங்கிச் சேர்ந்தார்கள். பூங்காவை அடைந்தபோது ஆயிரக்கணக்கு. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி. அந்தக் கூட்டத்தில் தன் அட்டையைப் பிடித்துக்கொண்டு கேமனியும் நடந்தார் என்பதை நான் விரும்பி நினைத்துக்கொள்வதுண்டு.

லாஸ் ஏஞ்சலஸில் அதே நாளில் நடந்த ஊர்வலத்துக்குப் போலீஸ் தலைவர் எட்வர்ட் டேவிஸ் அனுமதி தர விரும்பவில்லை. திருடர்களுக்கும் கொள்ளைக்காரர்களுக்கும் ஊர்வல அனுமதி தருவதற்கு ஒப்பிட்டார். பத்து லட்சம் டாலருக்கும் ஐந்து லட்சம் டாலருக்கும் இரண்டு காப்பீட்டுப் பத்திரங்கள் கேட்டார்கள். நீதிமன்றம் அந்த நிபந்தனைகளைத் தள்ளி அனுமதி கொடுக்கச் சொன்னது. வீதியில் நடப்பது உரிமைக்கு விளம்பரம், உரிமை வேறு என்று பிரித்துப் பேசுகிற நண்பர்கள் இந்த வழக்கைக் கொஞ்சம் யோசிக்கலாம். மற்ற எவரும் கட்டாத ஜாமீன் தொகையைக் கட்டாமல் வீதியில் நடப்பதே அங்கே சம உரிமையாக இருந்தது.

இதுவரை சொன்னதில் ஊர்வலக்காரர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றும். அடுத்த மூன்று வருடத்தைச் சொல்லாமல் விடுவது அவர்களுடைய வழக்கம்.

1973 ஜூன் 24, வாஷிங்டன் சதுக்கம். உடைவிதி இல்லாத ஊர்வலத்தின் நான்காம் ஆண்டுக் கூட்டம். மேடையில் ஏறப் போராடிக்கொண்டிருந்தவர் சில்வியா ரிவேரா. நியூயார்க் வீதிகளில் சிறு வயதிலிருந்தே வளர்ந்தவர். நம் மொழியில் திருநங்கை என்போம். 1970-இல், நகரத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வேண்டும் என்று தெருவில் கையெழுத்து வாங்கியதற்காகக் கைதானவர். மார்ஷா ஜான்சனோடு சேர்ந்து வீடற்ற பிள்ளைகளுக்கு ஓர் இடம் ஏற்படுத்தியவர். அவர் மேடைக்கு வந்தபோது கூட்டம் ஊளையிட்டது. தொண்டை கிழியப் பேசினார். சிறையில் அடிபட்டுக் கிடக்கிற நம்மவர்கள் உங்களுக்கு எழுதவில்லை, எனக்கு எழுதுகிறார்கள், அவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பெண்ணியரான ஜீன் ஒலியரி அதே மேடையில் ஓர் அறிக்கை வாசித்தார்: ஆண்கள் பெண் வேடம் கட்டி ஆடுவது பெண்களைக் கேலி செய்வது. கூட்டம் கைகலக்கும் நிலைக்கு வந்து, பாடகி பெட் மிட்லர் மேடையேறிப் பாடி அமைதிப்படுத்த வேண்டியிருந்தது.

ஒலியரி சொன்னதிலும் வெறும் துவேஷம் இல்லை. பெண்ணை அலங்காரப் பொம்மையாகக் காட்டும் கேளிக்கைகள் நிறைந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு அந்தக் கோபம் வரும். ஆனால் வேடம் கட்டுகிறவனையும் அதுவே தன் உடலாக வாழ்கிறவரையும் அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பின்னாளில் அவரே வருந்தினார். நான் கவனிப்பது வேறு. ரிவேரா கையெழுத்து வாங்கித் திரிந்த அதே நகரச் சட்ட மசோதாவில், ஓட்டுச் சேர்ப்பதற்காக, உடை பற்றிய விதிகளை இது தொடாது என்ற பொருளில் ஒரு வாசகம் 1974-இல் நுழைந்தது. ஃபிலடெல்ஃபியாவில் விரட்டப்பட்ட உடைவிதி, நகர மன்றத்தின் கதவு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தது. மசோதா சட்டமாக 1986 ஆயிற்று. ரிவேரா போன்றவர்களுக்கு அதில் இடம் கிடைக்க 2002 ஏப்ரல் ஆயிற்று. அவர் அந்தப் பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் மாநிலம் கொண்டுவந்த சட்டத்தில் மறுபடியும் விட்டுவிட்டார்கள். அதைச் சேர்க்க 2019 வரை ஆயிற்று.

2019 இன்னொரு விதத்திலும் குறிப்பிடத்தக்கது. ஸ்டோன்வாலின் ஐம்பதாவது ஆண்டில் நியூயார்க் போலீஸ் கமிஷனர் அந்த இரவுக்காக மன்னிப்புக் கேட்டார். பெரிய ஊர்வலத்தில் கம்பெனிகளும் வங்கிகளும் அலங்கார வண்டி விட்டன. எங்கள் தொழிலுக்கு எப்போதுமே கூட்டம் கூடிய பிறகுதான் துணிவு வரும். அது பிடிக்காதவர்கள் அதே நாளில், விளம்பர வண்டியும் சீருடைப் போலீஸும் இல்லாமல், 1970-இன் பழைய வழியில் தனியாக ஒரு ஊர்வலம் போனார்கள். யார் நடக்கலாம், எப்படி நடக்கலாம் என்ற சண்டை ஊர்வலத்துக்குள்ளேயே தீரவில்லை.

நம் ஊருக்கு வருவதற்கு லண்டன் வழியாகத்தான் வர வேண்டும். நம்முடைய 377-ஆவது பிரிவு 1860-இல் ஆங்கிலேயன் எழுதிக்கொடுத்தது. இங்கிலாந்து தன் சட்டத்தை 1967-இல் தளர்த்தியது, 1957-இன் வுல்ஃபெண்டன் அறிக்கையைப் பத்து வருடம் அலமாரியில் வைத்திருந்த பிறகு. எப்படித் தளர்த்தியது? இருபத்தோரு வயதான இரண்டு ஆண்கள், அந்தரங்கமாக. மூன்றாவது ஆள் அங்கே இருந்தால் அது சட்டத்தின் கண்ணில் அந்தரங்கம் ஆகாது. மசோதாவைப் பிரபுக்கள் சபையில் நடத்திச் சென்ற ஆரன் பிரபு நல்ல மனிதர், இதற்காக வசை வாங்கியவர். சட்டம் நிறைவேறும் தருணத்தில் அவர் சம்பந்தப்பட்டவர்களிடம் வைத்த வேண்டுகோள், அமைதியாக, கண்ணியமாக நடந்து நன்றியைக் காட்டுங்கள், பகட்டு வேண்டாம் என்பது. சட்டம் வந்த பிறகு பொது இடத்தில் அநாகரிகம் என்ற பெயரில் வழக்குகள் குறையவில்லை, கூடின. 1972 ஜூலை 1 அன்று லண்டனில் முதல் ஊர்வலம் போனது.

அந்தரங்கம் என்ற சொல் நமக்கு எழுத்தில் புனிதமானது. வாழ்க்கையில் அது தனி அறை உள்ளவனின் சொத்து. ஒண்டுக்குடித்தனத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஐந்து பேர் படுத்து எழுந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் நம்மில் பாதிப் பேர். நாலு சுவருக்குள் வைத்துக்கொள் என்று நாம் யாரிடம் சொல்கிறோம்? கணவன் மனைவிக்கே கிடைக்காத நாலு சுவர், வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு திருநங்கைக்கு எங்கே இருக்கிறது? அவள் வாழ்வதே வீதியில்.

1999 ஜூலை 2 அன்று கல்கத்தாவில் பதினைந்து பேர் மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு நடந்தார்கள். இந்தியாவின் முதல் ஊர்வலம் அது என்பார்கள். சரியாகப் பத்து வருடம் கழித்து, அதே ஜூலை 2 அன்று, தில்லி உயர்நீதிமன்றம் 377-இலிருந்து வயதுவந்தோரின் அந்தரங்க உறவை விலக்கியது. அதற்கு நாலு நாள் முன்னால், 2009 ஜூன் 28 அன்று, சென்னை மெரினாவில் முதல் பேரணி. 2013 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தில்லித் தீர்ப்பைக் கவிழ்த்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, இவர்கள் மக்கள் தொகையில் மிகச் சிறிய பகுதி, நூற்றைம்பது வருடத்தில் 200-க்கும் குறைவானவர்கள் மீதே வழக்கு நடந்திருக்கிறது என்பது. கண்ணில் படாமல் இரு என்று ஒன்றரை நூற்றாண்டு மிரட்டிவிட்டு, கண்ணில் படவில்லையே என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் எழுதியது. ஊர்வலம் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் கொடுக்கக்கூடிய ஒரே துண்டுப் பிரசுரம் அந்தத் தீர்ப்பு. 2018 செப்டம்பர் 6 அன்று அது திருத்தப்பட்டது.

சென்னைப் பேரணியின் பெயர் பற்றி நம் போன்ற சொல் ஆராய்ச்சிக்காரர்கள் ஒன்று கவனிக்கலாம். பிரைடு என்பதைப் 'பெருமை' என்று அவர்கள் மொழிபெயர்க்கவில்லை, 'சுயமரியாதை' என்றார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்ற கேள்வி தமிழில் எழவே இடமில்லாமல் செய்துவிட்டார்கள். எந்த விருதும் வாங்காத மொழிபெயர்ப்பு. அந்தச் சொல்லோடு ஒரு பழைய கணக்கும் சேர்ந்து வருகிறது.

2023 அக்டோபர் 17 அன்று உச்சநீதிமன்றம், தன்பால் இணையருக்குத் திருமணம் அடிப்படை உரிமை இல்லை, சட்டம் செய்வது பாராளுமன்றத்தின் வேலை என்று சொன்னது. அறைக்குள் 2018-இல் கிடைத்தது அறை வாசலோடு நிற்கிறது. திருமணம் என்பதே நாலு பேர் பார்க்கச் செய்வதுதானே. இங்கே சுயமரியாதைத் திருமணங்கள் இருபதுகளின் இறுதியிலிருந்து நடந்தன. புரோகிதர் இல்லை, தீ இல்லை. மேடையும் மாலையும் பேச்சும் உண்டு. சட்டத்தில் அவற்றுக்கு இடமில்லை. ஐம்பதுகளில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. அண்ணாதுரை அரசு சட்டத்தைத் திருத்த 1967 வரை ஆயிற்று. நடுவில் இருந்த நாற்பது வருடமும் ஜோடிகள் மேடை ஏறிக்கொண்டே இருந்தார்கள். அழைப்பிதழ் அச்சடித்தார்கள். ஒலிபெருக்கி கட்டினார்கள்.